மாமாவின் கன்னமும் மூன்று ஸ்கோப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டுக்காரர் போன வருஷம் சித்திரையில் போன் பண்ணி, "மாப்ள, மூணாவது ஸ்கோப்பும் டுபாக்கூர்தான் போல" என்றார். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் தன் ஏர் ரைஃபிளுக்கு மூன்று ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கி, வாங்கியிருந்தார். மூன்றும் வேறு வேறு விலை, வேறு வேறு பெயர், ஆனால் புகார் மட்டும் ஒன்றே: முதல் மூன்று குண்டு ஒரே இடத்தில் விழுகிறது, அப்புறம் மேலும் கீழுமாகச் சிதறுகிறது, அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

கழுத்துவலி என்ற அந்தக் கடைசி வரியை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு அதுதான் பொறி தட்டியது. ஸ்கோப் கெட்டுப்போனால் குண்டு சிதறும், சரி. கழுத்து ஏன் வலிக்கணும்?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மரச்சாமான் பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு .22 ரைஃபிள் சுட்ட பழக்கம் உண்டு, துப்பாக்கி நிபுணன் எல்லாம் இல்லை. ஆனால் நாற்காலிக் கை உயரம் சரியில்லாமல் தோள் வலிக்கிறது என்று வருகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன், இதுவும் அந்த ஜாதிதான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில் வழியாகப் பாகூர் போனேன்.

ஆள், ஆயுதம், இடம்

மாமாவுக்கு வயது 52. ஒல்லி, நீளக் கழுத்து, கன்னம் உள்ளே போன முகம். புரோக்ரசிவ் கண்ணாடி போட்டிருக்கிறார். வலது கைக்காரர். துப்பாக்கி 0.177 அங்குல (4.5 மி.மீ.) ஏர் ரைஃபிள், குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதில் அடங்குகிறது இது. மேலே 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், முன்கண்ணாடி 40 மி.மீ.

இடம் அவர்களுடைய தென்னந்தோப்பு. 25 மீட்டரில் மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் காகித இலக்கு. தென்னை மரத்தில் அட்டையை மாட்டிச் சுட்டால் ஈயக் குண்டு எகிறித் திரும்பும் என்று ஒரு முறை பட்ட பிறகுதான் மூட்டை வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோப்பில் ஏர்கன் என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி அது: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மயில், கிளி, கீரி எதன் பக்கமும் குழலைத் திருப்புகிற பேச்சே இல்லை. சுடுவது காகிதத்தை மட்டும்தான்.

அந்த வீட்டில் இன்னொரு துப்பாக்கியும் உண்டு. மாமாவின் அப்பா காலத்து .315 ரைஃபிள், இஷாப்பூரில் செய்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருகிற சடங்குக்கு மட்டும்தான் இப்போது அது வெளியே வரும். அதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், இந்தக் கதைக்கு விடை அதன் கட்டையில், அதாவது தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தை வைக்கிற மரப்பகுதியில்தான் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுடச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன்

இலக்கைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாமாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். மேசை, மணல் பை, பத்து குண்டு.

முதல் குண்டுக்கு முன்னால் கன்னத்தைக் கட்டையில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை போல, தலையைத் தூக்கினார். கன்னம் கட்டையைவிட்டு வந்துவிட்டது. இப்போது கட்டையில் தொட்டுக்கொண்டிருந்தது தாடை எலும்பின் ஓரம். அதுவும் போதாமல் முகவாயைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, ஓட்டைவிட்டு எட்டிப் பார்க்கிற ஆமை மாதிரி கழுத்தை நீட்டினார். அங்கே நின்று சுட்டார். நான்காவது குண்டுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஏழாவதுக்குத் தலை லேசாக ஆடியது, எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் தாடை தொட்ட இடம் வேறு வேறு.

பத்து குண்டும் விழுந்த பரப்பு: உயரவாக்கில் 62 மி.மீ., அகலவாக்கில் 28 மி.மீ. நீட்டுவாக்கில் சிதறல் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தலை எந்தத் திசையில் ஆடுகிறதோ அந்தத் திசையில்தான் குண்டும் ஆடியிருக்கிறது.

"எத்தனை மடங்குல வெச்சு சுடறீங்க மாமா?"

"நாலுல. ஒன்பதுல வெச்சா ஒரே கருப்பா போவுது மாப்ள. அதான் சொல்றேன், ஸ்கோப் சரியில்ல."

ஒன்பதில் கருப்பாகப் போவதற்கு ஸ்கோப் காரணமில்லை. கண்ணுக்கு வந்து விழுகிற ஒளிவட்டத்தின் அளவு, முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைப்பது. நான்கு மடங்கில் 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10 மி.மீ. வட்டம். ஒன்பதில் நாலரை மி.மீ. கூட இல்லை. பத்து மி.மீ. வட்டத்துக்குள் தலை இங்கே அங்கே ஆடினாலும் படம் தெரியும், நாலரைக்குள் ஆடினால் படம் போய்விடும். ஒன்பது மடங்கு மாமாவின் தலை ஆடுவதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் நாலுக்கு மாற்றி அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டார்.

படம் தெரிகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் கண்ணை ஏமாற்றுகிற வேலை. துப்பாக்கியை இறக்கி, குழலை மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு, மணல் பையில் அசையாமல் பதித்து, ஸ்கோப்புக்குள் தெரிகிற குறுக்குக்கோட்டை இலக்கின் நடுவில் நிறுத்தினேன். "துப்பாக்கியத் தொடாம கண்ண மட்டும் மேல கீழ நகத்திப் பாருங்க" என்றேன். பார்த்தார். கோடு இலக்கின் மேல் ஊர்ந்தது. துப்பாக்கி இம்மிகூட நகரவில்லை, கோடு மட்டும் நகர்கிறது. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திரும்பக் குனிந்து பார்த்தார்.

இதற்குப் பாரலாக்ஸ் என்று பெயர். அந்த ஸ்கோப் பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கு என்று செய்தது, 100 கெஜத்தில், அதாவது சுமார் 91 மீட்டரில் கோடும் படமும் ஒன்றாக நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். 25 மீட்டரில் அது பொருந்தாது. கணக்கு எளிது: முன்கண்ணாடியில் பாதி 20 மி.மீ.; அதை, 91-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி 91-ஆல் வகுத்தால் 14 மி.மீ. சொச்சம். கண் வட்டத்தின் ஓரத்துக்குப் போனால் ஒரு பக்கம் அவ்வளவு தப்பலாம். குண்டின் அகலமே நாலரை மி.மீ.தான். ஆனால் கண் நடுவில் நின்றால் இந்தத் தப்பு பூஜ்யம். அதனால் தூரம் திருத்துகிற வசதியுள்ள நான்காவது ஸ்கோப் வாங்குவதை அன்றைக்கே தடுத்துவிட்டேன். அக்கா எனக்கு இரண்டாவது காப்பி கொடுத்தது அதற்காகத்தான் இருக்கும்.

கட்டை யாருக்காகச் செதுக்கியது

அப்புறம்தான் அந்த .315-ஐ எடுத்து வரச் சொன்னேன். அதில் ஸ்கோப் கிடையாது, இரும்புக் குறிகள் மட்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தை இறக்கி, கண்ணைத் திறந்தார். பின்குறியும் முன்குறியும் நேர்கோட்டில். எந்தச் சிரமமும் இல்லை. ஏர் ரைஃபிளிலும் கம்பெனி போட்ட குறிகள் உண்டே. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அதே மாதிரி வைத்துப் பார்த்தோம். அதுவும் கச்சிதம்.

ஆகக் கட்டையில் தப்பு இல்லை. குழலுக்கு ஒட்டினாற்போல இருக்கிற குறிக்கு ஏற்ற உயரத்தில் கட்டையின் முதுகைத் தாழ்வாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஸ்கோப்பை ஏற்றியதும் பார்க்க வேண்டிய கோடு மேலே போய்விட்டது, கட்டை பழைய இடத்திலேயே இருக்கிறது. நடுவில் உள்ள பள்ளத்தை மாமாவின் கழுத்து ஒன்றரை வருஷமாக நிரப்பிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு ஸ்கோப்பை உட்காரவைக்கிற ரிங்கும் உயரமானது. "பெருசா இருந்தா நல்லாத் தெரியும்னு கடையில சொன்னாங்க" என்றார். உயரத்துக்கும் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை. முன்கண்ணாடிக் குப்பி குழலில் இடிக்காமல், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். நடுத்தர ரிங் மாட்டியதில் ஸ்கோப் 6 மி.மீ. இறங்கியது. துளி மரம்கூடச் செதுக்காமல் கிடைத்த 6 மி.மீ. இது, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

முன்பின் தூரமும் பார்த்தோம். இந்த மாதிரி ஸ்கோப்புக்குக் கண் பின்கண்ணாடியிலிருந்து 75 முதல் 100 மி.மீ. தள்ளி இருக்கணும். மாமா வசதியாக வைத்தால் 110-க்கு மேல் இருந்தது, ஆமைக் கழுத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஒன்பது மடங்கில் வைத்து, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, திறந்ததும் முழு வட்டம் தெரிகிற வரை ஸ்கோப்பைப் பின்னால் தள்ளினோம். 18 மி.மீ. நகர்ந்தது.

மீதி உயரத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தோம். கட்டை முதுகில் ஒவ்வொன்றாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, கன்னத்தை அதன் பாரத்திலேயே இறக்கி, திறந்து பார்ப்பது. கண்ணைத் திறந்தபடி வைத்தால் தலை தானாக ஸ்கோப்பைத் தேடிப் போய்விடும், அளவு பொய்யாகிவிடும். தை மாதம் முழுக்க வந்த பத்திரிகைகள் போதவில்லை, ஆவணியில் வந்த பத்திரிகைகளையும் சேர்த்தோம். 16 மி.மீ.யில், கண்ணைத் திறந்தால் வட்டம் நடுவில் நிற்கிறது. மூன்று தடவை, ஐந்து தடவை, பத்து தடவை.

முதல் வைத்தியம் தோற்றது

இங்கே என் தப்பு ஒன்று இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. செருப்புக்கு அடிப்பாகம் போடுகிற கடையில் மூன்று மி.மீ. ஃபோம் ஷீட் வாங்கி, ஐந்து மடிப்பாகக் கட்டையைச் சுற்றி ஒட்டி, மேலே மெல்லிய தோல் போட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். 16 வந்துவிட்டது. "கன்னத்த நல்லா அழுத்தி ஒட்டிக்கோங்க மாமா" என்று புத்திமதி வேறு.

பத்து குண்டு. உயரச் சிதறல் 34 ஆகக் குறைந்தது, பலே. அகலம் 28-லிருந்து 41 ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் தலை சொறிந்த பிறகு புரிந்தது. ஃபோம் முதுகின்மேல் மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் சுற்றியிருந்தது. வலது கைக்காரருக்குக் கன்னம் கட்டையின் இடது பக்கம் படும். அந்தப் பக்கம் 15 மி.மீ. தடிப்பு ஏறியதும் முகமே இடப்பக்கம் தள்ளப்பட்டு, கண்ணை ஸ்கோப்புக்கு நேராகக் கொண்டுவர அவர் கன்னத்தால் கட்டையை வலப்பக்கம் அழுத்தினார். நான் வேறு அழுத்தச் சொல்லியிருந்தேன். ஸ்பிரிங் ஏர்கன்னில் இது பெரிய பாவம். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இந்த ஆட்டம் நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஆடவிட்டால்தான் குண்டு அதே இடத்துக்குப் போகும். ஒரு தடவை அழுத்தி, ஒரு தடவை லேசாக வைத்தால் இடம் மாறிவிடும். என்.சி.சி. .22-இல் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவந்தது என் அவசரம்.

ஃபோமும் மெத்தென்று இருந்ததால் அழுத்துகிற அளவுக்கு அமுங்கி, 16 என்பது 12-ஆகவும் ஆனது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் காருக்குள் கிடந்தபோது பசை இளகி, மொத்தமும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மாமா அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே ஒன்றும் எழுதவில்லை.

இரண்டாவது: மரம்

பட்டறையில் மலைவேம்புத் துண்டு ஒன்று கிடந்தது. கனம் இல்லாத மரம், செதுக்கச் சுலபம். 15 செ.மீ. நீளம், 14 மி.மீ. உயரம். அடிப்பக்கத்தைக் கட்டை முதுகின் வளைவுக்கு ஏற்றபடி குழிவாக உளியால் எடுத்தேன். கார்பன் தாளை நடுவில் வைத்து அழுத்தி, கறை பட்ட இடத்தை மட்டும் சுரண்டுவது, திரும்ப அழுத்துவது. ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போனது, மற்ற எல்லாம் அரை மணி வேலை.

மேல்பக்கம் இரண்டு விஷயம் கவனித்தேன். இடது ஓரத்தை வாழைத்தோல் தடிமனுக்கு இழைத்து, கட்டையோடு கரைந்து போகிற மாதிரி விட்டேன். உயரம் வேண்டும், பக்கத் தடிப்பு வேண்டாம். இன்னொன்று, முன்பக்கம் 3 மி.மீ. தாழ்வாகச் சரித்தேன். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கட்டை முகத்தை உரசிக்கொண்டு பின்னே வரும். முன்பக்கம் தாழ்வாக இருந்தால், வருகிற மரம் கன்னத்தைவிட்டு விலகும். உயர்வாக இருந்தால் கன்ன எலும்பில் இடிக்கும். ஏர்கன்னில் இது சின்ன விஷயம், .315 மாதிரி உதைக்கிற துப்பாக்கியில் ஸ்கோப்பும் சேர்ந்து புருவத்தைக் கிழிக்கும். அந்த மாதிரி, குண்டேற்ற போல்ட் என்ற இரும்புத் தண்டைப் பின்னால் இழுக்கிற துப்பாக்கியில் இன்னொரு சங்கடம்: போல்ட் கட்டை முதுகின் மேலாகத்தான் பின்னால் வரும், உயரத்தை முன்னால்வரை கொண்டுபோனால் அதை வழிமறித்துவிடும். குழல் மடக்குகிற வகையில் அந்தத் தொல்லை இல்லை.

தோலுக்கு அலையவில்லை. புதுச்சேரி, 1978-இல் ஹைடிசைன் என்ற தோல் பை கம்பெனி தொடங்கிய ஊர். தோல் பை தைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வில்லியனூர்ப் பக்கம் வீட்டிலேயே தைக்கிற ஒருவரிடம் 2 மி.மீ. வெட்டுத் துண்டு வாங்கி, மரத்தைப் போர்த்தி, அடியில் இரண்டு வார் வைத்துக் காலணி மாதிரி கயிறு கோத்துக் கட்டும்படி தைத்துக் கொடுத்தார். கட்டையில் ஓர் ஆணி, ஒரு திருகு அடிக்கவில்லை. வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் ரப்பர், இந்தத் தடவை அது மட்டும் போதுமானதாக இருந்தது. 14-ம் 2-ம் 16.

ரிங் மாற்றியதால் ஸ்கோப்பை முதலிலிருந்து இலக்குக்குச் சேர்த்தோம். அதோடு புத்திமதியையும் மாற்றினேன்: கன்னத்தைத் தலையணையில் போடுகிற மாதிரி போடுங்கள், அழுத்தவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம்.

பத்து குண்டு, ஒன்பது மடங்கில். உயரம் 22 மி.மீ., அகலம் 19 மி.மீ. மாமா காகிதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுக்காமல் அக்காவிடம் கொடுத்தார்.

எதிர்பார்க்காத லாபம் ஒன்று மூக்குக்கண்ணாடியில். புரோக்ரசிவ் லென்ஸில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. முன்பு முகவாயைத் தூக்கி வைத்துச் சுட்டபோது கீழ்ப்பாதி வழியாகப் பார்த்திருக்கிறார், அதனால்தான் மூன்று ஸ்கோப்பிலும் "படம் மசமச"வென்று இருந்திருக்கிறது. இப்போது தலை இயல்பாக முன்சாய்ந்து நிற்பதால் கண் மேல்பாதி வழியே போகிறது. பின்கண்ணாடியின் ஃபோகஸ் வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பியதும் கோடு மை போட்ட மாதிரி ஆனது. அந்த மூன்றில் முதல் ஸ்கோப்பைத் தேடி எடுத்து மாட்டியும் பார்த்தோம். நன்றாகவே சுடுகிறது. மூன்றாவது இப்போது விற்பனைக்கு.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் தோல் பூஞ்சை பிடித்தது. கன்னத்து வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்து ஈரத்தைவிட மாட்டேன் என்கிறது, சுட்டு முடித்ததும் வாரை அவிழ்த்துத் தனியே நிழலில் காயப்போடணும். குழலில் எண்ணெய்த் துணி ஓட்டும்போது அதிலும் கொஞ்சம் தேய்க்கிறார். அப்புறம், மேசையில் உட்கார்ந்து சுட 16 சரி. நின்று சுடும்போது தலை நிமிர்ந்து நிற்பதால் இன்னும் 3 மி.மீ. கேட்கிறது. அதற்கு ஒரு ரப்பர் துண்டை வெட்டி வைத்திருக்கிறார். ஒட்டிவிடலாமா, தோலுக்கு அடியில் செருகி எடுக்கிற மாதிரி விடலாமா என்று தினமும் ஒரு போன். செருகச் சொல்லியிருக்கிறேன். அக்காவும் சுட ஆரம்பித்துவிட்டாள், அவள் முகத்துக்கு 16-ஏ நாலு மி.மீ. அதிகம்.